செக்கிங் நாளில் கரிசலில் இறங்கிய கதை

காலை 8.40. கோவில்பட்டி பேருந்து நிலையத்தில் விளாத்திகுளம் வண்டி ஏறினேன். 2003, ஐப்பசி மாதம். முதல் நாள் நல்ல மழை. நனைந்த கரிசல் மண் எப்படி இருக்கும் என்று பார்ப்பதைத் தவிர எனக்கு அந்தப் பக்கம் ஒரு ஜோலியும் கிடையாது. நான் கும்பகோணத்துக்காரன். பார்க்கத் தகுந்தது எதுவும் இல்லை என்று சொல்லப்படும் ஊர்களுக்குப் பஸ் ஏறிப் போவது என் பழக்கம். "அங்கே என்னதான் இருக்கு?" என்று வீட்டில் கேட்பார்கள். அது தெரியாமல்தானே போகிறேன்!

பக்கத்து இருக்கைக்காரர் எட்டயபுரம் வருவதற்குள் மூன்று முறை மணி கேட்டுவிட்டார். பதினைந்து கிலோமீட்டருக்கு மூன்று முறை. சட்டையில் பெயிண்ட் திட்டுக்கள், மடியில் ஒரு துணிப்பை. என் வாய் சும்மா இருக்குமா?

"ஏதாவது அவசரமா?"

"ஓம் ஐயா. பத்து மணிக்கு முகாமில செக்கிங். அதுக்குள்ள போய் நிக்கவேணும்."

அந்த "ஓம்" ஊரைச் சொல்லிவிட்டது. பெயர் சூசைதாசன். இலங்கையில் மன்னார்ப் பக்கத்து மீனவர். சண்டைக்குத் தப்பி மனைவியோடு படகேறி வந்தவர், எட்டயபுரத்துக்கு அப்பால் ஓர் அகதிகள் முகாமில் பதின்மூன்று வருடமாக இருக்கிறார். கடல் போய், இப்போது சுவருக்குப் பெயிண்ட் அடிக்கிறார். மூன்று நாளைக்கு என்று முகாமில் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கிக்கொண்டு நாகர்கோவிலுக்கு வேலைக்குப் போனவர், வேலை முடியாததால் எட்டு நாள் தங்கிவிட்டார். ஆள் சரிபார்க்க அதிகாரி வரும் நாளை முந்தின நாள்தான் சொல்வார்களாம். நேற்றுத் தகவல் வந்ததும் கிளம்பியிருக்கிறார்.

"நீங்கள் இல்லாவிட்டால்?"

"பேரை வெட்டிப் போடுவினம். பேர் போனால் அரிசியும் போச்சு, இருக்கிற அறையும் போச்சு. திரும்பப் பதிய எத்தினை வருசம் அலையவேணுமோ தெரியாது."

9.20. எட்டயபுரம் தாண்டி நாலு கிலோமீட்டரில் பின் டயர் போயிற்று. எல்லோரும் இறங்கினோம். சூசைதாசன் வடக்கே கை காட்டினார். பருத்திக் காட்டுக்கு அப்பால் முகாமின் கூரைகள் தெரிந்தன. சாலை வழியே போனால் ஐந்து கிலோமீட்டர். நேர்க்கோட்டில் பார்த்தால் ஒன்றரைதான் இருக்கும்.

"குறுக்கே நடந்தால் இருபது நிமிடம்" என்று சொன்னது நான்தான்.

நடத்துநர் அலறினார். "அண்ணாச்சி, வேண்டாம், சொல்லுதேன் கேளுங்க. நேத்து மழ பேஞ்ச காடு. கால விடாது. இங்கன உள்ளவிய யாரும் இறங்க மாட்டாவ. அரை மணி நேரத்துல டயர மாட்டிருவோம்."

சூசைதாசனும் தயங்கினார். காவிரிச் சேற்றில் வளர்ந்தவனுக்குச் சேறு காட்டுகிறார்களா என்று எனக்கு ஒரு திமிர். "நானும் வருகிறேன், வாருங்கள்" என்று முன்னால் இறங்கினேன்.

காவிரிச் சேறு வழுக்கிவிடும். கரிசல் பிடித்துக்கொள்ளும். ஒவ்வோர் அடிக்கும் ஒரு கட்டி மண் காலோடு வந்தது. இருபதாவது அடியில் ஒவ்வொரு காலிலும் ஓர் அம்மிக்கல் கனம். செருப்புகள் எங்கே போயின என்றே தெரியவில்லை. பருத்தி அப்போதுதான் இரண்டு இலை விட்டிருந்ததால், மிதிக்காமல் வேறு நடக்க வேண்டும். பாதிக் காடுகூடக் கடக்கவில்லை, தூரத்துச் சாலையில் எங்கள் பஸ் டயர் மாட்டிக்கொண்டு முகாம் பக்கமாகப் போனது. மணி பத்தாகியிருந்தது.

ஓடைக்கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர் கத்தினார்: "ஏ அண்ணாச்சி! நடுக்காட்டுல என்ன செய்யுதீங்க? மேக்க வாங்க, ஓடையில மணலு கெடக்கு!"

சூசைதாசன் பத்தடியில் மணலுக்குப் போய்விட்டார். நான் முழங்காலுக்குக் கீழே புதைந்து நின்றேன். "நீங்கள் போங்கள்" என்று கத்தினேன். அவர் கூரைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பி வந்து என் இரண்டு கைகளையும் பிடித்து இழுத்தார். அந்த மனிதரின் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

10.50. முகாமின் வேலியோரம் பையை என்னிடம் கொடுத்துவிட்டு ஓடினார். எல்லாம் முடிந்திருக்கும் என்று நினைத்தேன். ஆனால் பாதி வரிசை அப்படியே நின்றுகொண்டிருந்தது. மேசைக்குப் பின்னால் அதிகாரி கத்திக்கொண்டிருந்தார்: "எத்தன தடவ சொல்லுதேன், கார்டக் கையில வச்சிக்கிட்டு நில்லுங்கன்னு!"

ஒரு பெரியவர் யாருடைய கார்டையோ நீட்டிவிட்டு விழித்தார். ஓர் அம்மாள் கார்டை மறந்துவிட்டதாக வீட்டுக்குப் போனார். ஒரு கணவனும் மனைவியும் மகள் பிறந்த வருடத்தைப் பற்றிச் சண்டை போட்டார்கள். பதின்மூன்று வருடமாக வரிசையில் நிற்பவர்களுக்கு ஒரு கார்டை எடுத்து வரத் தெரியாதா என்று எனக்கே எரிச்சல்.

சூசைதாசன் வரிசையின் கடைசியில் மனைவி பிலோமினாவின் பக்கத்தில் போய் நின்றார். ஓரிருவர் திரும்பிப் பார்த்தார்கள். பெரியவரின் கார்டு அவர் சட்டைப் பையிலேயே இருந்தது. அந்த அம்மாள் திரும்பி வந்துவிட்டார். மகள் பிறந்த வருடத்தில் இருவருக்கும் உடன்பாடு ஏற்பட்டது. பதினைந்து நிமிடத்தில் மொத்த வரிசையும் முடிந்து சூசைதாசன் மேசை முன் நின்றார். அவருக்காகத்தான் அத்தனை பேரும் ஒரு மணி நேரம் மக்குகளாக நடித்திருக்கிறார்கள்.

அதிகாரி அவர் கால்களைப் பார்த்தார். "எங்கன போயிருந்தீரு?"

"வெளிக்கு, காட்டுப் பக்கம் போனனான், சேர்."

அதிகாரியின் பார்வை வேலியோரம் அதே சேற்றோடு நின்ற என்மேல் விழுந்தது. "ரெண்டு பேருமா?"

வரிசை கொல்லென்று சிரித்தது. அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, சரி. கையெழுத்தப் போடும்." பஸ்ஸில் வந்து பையோடு இறங்கியிருந்தால் இந்தப் பொய் செல்லுபடியாகியிருக்காது என்று பிற்பாடு சூசைதாசன் சொன்னார். என்னைத் தேற்றுவதற்காகவும் சொல்லியிருக்கலாம்.

12.30. பத்துக்குப் பத்து அறை. பிலோமினா தேத்தண்ணி கொடுத்துவிட்டு, என் காலில் தண்ணீர் ஊற்றினார். நான் ஒரு குச்சியால் மண்ணைச் சுரண்டினேன். ஒரு மணி பஸ்ஸைப் பிடித்தால் மதுரை, நாளை கும்பகோணம் என்றேன்.

"வீட்டை விட்டு வெளிக்கிட்டு எத்தினை நாள்?" என்று பிலோமினா கேட்டார்.

"ஐந்து நாள்."

"எத்தினை நாளைக்கெண்டு எழுதிக் குடுத்திட்டு வந்தனீங்கள்?"

எனக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியதும், யாரிடமும் எழுதிக் கொடுக்கவில்லை, போகலாம் என்று தோன்றியது, கிளம்பிவிட்டேன் என்றேன்.

செம்பு அந்தரத்தில் நின்றது. "ஒருத்தரிட்டையும் கேக்காமலோ?" கேலி இல்லை. நான் ஊர் ஊராகக் கேட்டுக்கொண்டு திரிகிறேனே, அதே ஆவலோடுதான் கேட்டார்.

ஆமாம் என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது.