கம்பவுண்டர் அண்ணனின் இடது கை

என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இரண்டு பழைய மருந்து உறைகள் இருக்கின்றன. பழுப்புத் தாளில் ஒட்டிய, மாத்திரை போட்டுக் கொடுக்கிற சாதாரண உறைகள். முதல் உறையில் 'காலை 1, இரவு 1, சாப்பிட்ட பின்' என்று நீல மையில் எழுதியிருக்கிறது. ஒவ்வொரு எழுத்தும் வயிறு நிறையச் சாப்பிட்டதுபோலக் கொழுகொழுவென்று உட்கார்ந்திருக்கும். சில வருடங்கள் கழித்து எழுதிய இரண்டாவது உறையிலும் அதே வாசகம்தான். ஆனால் 'காலை' ஒழுங்காகத் தொடங்கி, 'இரவு' சற்று மெலிந்து, 'சாப்பிட்ட பின்' வந்து சேர்வதற்குள் கடுகளவாகச் சுருங்கி ஓரத்தில் ஒதுங்கிவிடுகிறது. எழுதியது ஒரே ஆள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், எழுதிய கைக்கு ஏதோ ஆகியிருக்கிறது என்று பள்ளிக்கூடப் பிள்ளையும் சொல்லிவிடும். நான் எம்.பி.பி.எஸ். படித்தவன். எனக்குத் தெரியவில்லை.

நாகர்கோவிலிலிருந்து அஞ்சுகிராமம் போகிற சாலையில் இருக்கிறது எங்கள் ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரி என்பது ஒரு மரியாதைக்குச் சொல்வது. உள்ளே இரண்டு அறைகளும் ஒரு நீள பெஞ்சும்தான். அப்பா தொடங்கியது. அப்பா போன பிறகு நாற்காலியும் பிரஷர் பார்க்கிற பெட்டியும் எனக்கு வந்து சேர்ந்தன, கூடவே கம்பவுண்டர் அண்ணனும். எனக்கும் அவருக்கும் நடுவில் இடுப்பளவு உயரமுள்ள ஒரு பலகைத் தடுப்பு. அந்தப் பக்கம் அவர் மருந்து அலமாரி. நான் சீட்டில் கிறுக்குவதை அவர் தமிழாக்கி உறையில் எழுதுவார். சீட்டில் எத்தனை நாள் என்று நான் எழுத மறந்திருந்தால் தடுப்புக்கு மேலே தலை எழும்பும். "தம்பி, எத்தன நாளைக்கு?" என்பார். நாள் போடாத சீட்டுக்கு அவர் ஒருபோதும் மருந்து கொடுத்ததில்லை.

எனக்கு இன்னொரு தொழில் உண்டு. ஆட்களைப் போல நடித்துக் காட்டுவது. கல்லூரி நாட்களிலிருந்து உள்ள வியாதி. மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி பை திறக்கிற விதம், மூல நோய்க்கு வந்த தலைமையாசிரியர் பெஞ்சில் உட்காரும் கம்பீரம், எல்லாம் என் சரக்கு. அதில் அதிகக் கைதட்டல் வாங்கியது கம்பவுண்டர் அண்ணன்தான். அவரை நான் அணு அணுவாகப் படித்திருந்தேன். குறுகக் குறுக வைக்கிற அடி, முன்பக்கம் கொஞ்சம் சாய்ந்த முதுகு, திரும்ப வேண்டுமென்றால் கழுத்தைத் திருப்பாமல் ஆளே லாரி மாதிரி நாலைந்து தடவை முன்னும் பின்னும் அசைந்து திரும்புவது, பாஸ்போர்ட் போட்டோவில் உறைந்ததுபோல் இருக்கிற முகம். முக்கியமாக இடது கை. வலது கை வீசி வரும். இடது கை முழங்கையில் மடங்கி, யாரோ அதை வயிற்றோடு சேர்த்து ஊசி குத்தி வைத்ததுபோல அசையாமல் வரும்.

"இடக்கைக்கு லீவு விட்டாச்சா அண்ணே?" என்று கேட்டிருக்கிறேன்.

"அது சும்மா கூட வருகு தம்பி. வேல செய்யுகது இந்தக் கை" என்று வலது கையைத் தூக்கிக் காட்டினார்.

மருந்து வாங்க வந்த ஒரு பெரியம்மா உறையைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, "கம்பவுண்டரே, இது எழுத்தா, இல்ல எறும்பு ஊருகதா?" என்றபோது, "அண்ணன் பேனா டயட்டுல இருக்கு" என்று நான்தான் உள்ளேயிருந்து கத்தினேன். பெஞ்சே சிரித்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் வேதபாடம் வாசிக்கிறவர் அவர். மைக்கில் கூடச் சத்தம் கேட்கவில்லை என்று சபையார் வேறு ஆளைப் போட்டார்கள். அதையும் நடித்துக் காட்டினேன். வாயை மட்டும் அசைத்தேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வருத்தமில்லை என்று எடுத்துக்கொண்டேன். எவ்வளவு வசதி பாருங்கள்.

இனி மாத்திரைக்கு வருகிறேன். ஊரில் எல்லோருக்கும் சீட்டு உண்டு, அவருக்கு மட்டும் கிடையாது. எங்களைப் போன்ற சின்ன ஆஸ்பத்திரிகளில் இது ஒரு வழக்கம். கூட வேலை செய்கிறவர்களுக்கு வைத்தியம் போகிற வாக்கில் நடக்கும். எழுந்தால் தலை சுற்றுகிறது, ஏப்பமாக வருகிறது என்று ஒரு நாள் சொன்னார். நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. மருந்துக் கம்பெனிக்காரர் அன்று காலையில் இலவச சாம்பிளாக வைத்துவிட்டுப் போன மாத்திரைப் பட்டையை எடுத்துத் தடுப்புக்கு மேலாக நீட்டினேன். நாலு நாளில் சுற்றல் நின்றது. மாத்திரை நிற்கவில்லை. கம்பெனிக்காரர் மாதாமாதம் கொண்டு வந்தார், நான் தடுப்புக்கு மேலாக நீட்டினேன், அவர் காலையில் ஒன்று போட்டுக்கொண்டார். அவர் கேட்காமல் இல்லை. "தம்பி, இது எத்தன நாளைக்கு?" என்று இரண்டு தடவை கேட்டார். "அண்ணே, உங்களுக்கும் எனக்கும் நடுவுல நாள் கணக்கா?" என்றேன். நல்ல பதில் என்று அப்போது நினைத்தேன். அப்படியே மூன்று வருடம் போனது.

போன வருடம் நாகர்கோவிலில் ஒரு கல்யாணம். என்னோடு படித்த டாக்டர்கள் ஒரு பந்தியில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டோம். சாப்பிட்டு முடித்துக் கை கழுவப் போகிற இடத்தில், "மக்கா, ஒண்ணு செய்து காட்டு" என்றார்கள். நான் கம்பவுண்டர் அண்ணனாக வாஷ்பேசின் வரை நடந்து, லாரி திரும்புவதுபோலத் திரும்பி, வாய்க்குள் முணுமுணுத்தேன். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. மார்த்தாண்டம் பக்கத்துக்காரி, எங்கள் வகுப்பிலிருந்து நரம்பியல் படிக்கப் போனவள்.

"எலே, நீ இப்ப நடந்து காட்டின ஆளு யாரு?"

"எங் கம்பவுண்டர்."

"எத்தன வருஷமா இடக்கைய வீசாம நடக்காரு?"

வருடங்களை விரல் விட்டு எண்ணத் தொடங்கினேன். மூன்றாவது விரலில் நின்றேன்.

"பார்க்கின்சன் மாதிரி இருக்குலே. வேற என்ன மாத்திரை போடுகாரு?" என்றாள். சொன்னேன். மாத்திரையின் பெயரைக் கேட்டதும் கையைத் துடைத்துக்கொண்டிருந்தவள் துடைப்பதை நிறுத்தினாள். அந்த ரக மாத்திரையை நீண்ட நாள் போட்டால், பார்க்கின்சன் நோயில் வருகிற அதே இறுக்கமும் அதே நடையும் வரலாம் என்பது எங்கள் பாடப் புத்தகத்திலேயே உள்ளது. பரீட்சைக்கு எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன்.

என் பீதி எப்போதுமே பார்க்கத் தகுந்தது. காரை ஓட்டிக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை, பூட்டியிருந்தது. திறந்து, அலமாரியிலிருந்த அந்த மாத்திரைப் பட்டைகளை எல்லாம் எடுத்துப் பட்டு வேட்டி மடியில் கட்டினேன். போலீஸ் துரத்துகிற கள்ளன்போல் வாசலில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தேன். சாலையில் ஒரு ஆடு மட்டும் நின்றது. பிறகு அண்ணனுக்குப் போன் செய்தேன்.

"அண்ணே, அந்த மாத்திர இனி போடாண்டாம்."

"எதுக்கு தம்பி?"

"கம்பெனி மாறுகு."

"சரி தம்பி" என்றார். முப்பது வருடம் மருந்து அலமாரியோடு வாழ்ந்த மனிதரிடம் நான் சொன்ன பொய் அது.

மறுநாள் அவரை அந்த நரம்பியல் தோழியிடம் கூட்டிப் போனேன். அவள் அவரை எழுத வைத்தாள். கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் தட்டச் சொன்னாள். மணிக்கட்டைப் பிடித்து மெல்ல அசைத்துப் பார்த்தாள். கண்ணை மூடச் சொல்லிக் காப்பித் தூளை மூக்குக்குக் கீழே பிடித்தாள். அவருக்கு அது என்னவென்று தெரியவில்லை. வராந்தாவில் நடக்கவிட்டாள். எல்லாம் சேர்த்துக் கால் மணி நேரம். நான் பத்து வருடமாக ஒன்றரை கெஜ தூரத்தில் உட்கார்ந்திருந்தவன். பிறகு சீட்டை எழுதிக்கொண்டே, "இந்தத் தலசுத்தல் மாத்திர யாரு தந்தது?" என்று கேட்டாள்.

நான் வாயைத் திறப்பதற்குள், அல்லது திறக்காமல் இருப்பதற்கு நேரம் பார்த்துக்கொண்டிருக்கும்போது, அண்ணன் அந்தத் தேய்ந்த குரலில் சொன்னார்: "நானே எடுத்துப் போட்டேன் டாக்டரம்மா. அலமாரி எங் கையில தான இருக்கு."

நான் சும்மா இருந்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த கெட்ட காரியங்களைக் கேட்டால் சிரிப்புக் காட்டத் தக்கதாகப் பலதும் சொல்வேன். இதை வைத்து மட்டும் என்னால் சிரிப்புக் காட்ட முடியவில்லை. திரும்பி வரும்போது காரில், "அண்ணே, ஏன் அப்பிடிச் சொன்னிய?" என்றேன். "கூடப் படிச்சவிய முன்னால நீங்க தல குனியாண்டாம்னுதான். விடுங்க தம்பி, ரோட்டப் பாருங்க" என்றார். ஒரு வாரம் கழித்து அவளைப் போனில் கூப்பிட்டு உண்மையைச் சொன்னேன். "அன்னைக்கே தெரியும்லே. உம் மூஞ்சியப் பாத்தா ஊசி போட வந்த பிள்ளை மாதிரி இருந்து" என்றாள்.

அவள் சொன்ன கணக்கு எளிமையானது. மாத்திரையால் வந்தது என்றால், நிறுத்திய பிறகு சில மாதங்களில் பெரும்பாலும் சரியாகிவிடும். ஏற்கெனவே உள்ளே ஒளிந்திருந்த நோயை மாத்திரை வெளியே இழுத்துப் போட்டிருந்தால், மிச்சம் நிற்கும். அப்படி நின்றால் அது உண்மையான பார்க்கின்சன்தான், ஆயுளுக்கும் மருந்து. ஆறு மாதம் பார்ப்போம் என்றாள்.

அந்த ஆறு மாதத்தில் எனக்கு ஒரு கேவலமான ஆசை வந்தது. அவர் குணமானால் குற்றவாளி நான். குணமாகாவிட்டால் நான் நிரபராதி. வாசனை தெரியாமல் போவது நோய் வருவதற்குப் பல வருடங்களுக்கு முன்பே தொடங்கும், மாத்திரையால் அது வருவதில்லை என்று படித்தேன். உடனே அவர் வீட்டுக்கு ஓடினேன். அண்ணன் கடைக்குப் போயிருந்தார். அவர் மனைவியை நான் மைனி என்றுதான் கூப்பிடுவேன்.

"மைனி, அண்ணனுக்கு மணம் தெரியாமப் போனது எப்ப?"

"அது கெடக்கு, அஞ்சாறு வருஷமா. பெரிய மவ கல்யாணத்துக்கு முன்னாலேயே. மீன் கறி கரிஞ்சு வீடு முழுக்கப் புகை, இவிய அடுப்புக்கிட்ட இருந்து பேப்பர் படிக்காவ. மனியனுக்கு மூக்கு எதுக்குன்னு நான் ஏசினேன்."

மாத்திரைக்கு இரண்டு வருடம் முன்னால்! எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. மைனி தந்த காப்பியை ஒரே மடக்கில் குடித்தேன். கேட்டைத் திறந்து வெளியே வந்த பிறகுதான் உறைத்தது. அந்த மனிதருக்கு இனி தீராது என்பதற்கு ஆதாரம் கிடைத்த சந்தோஷத்தில் நான் காப்பி குடித்திருக்கிறேன். சாலையில் அவர் ஒரு பையோடு வந்துகொண்டிருந்தார். "என்ன தம்பி, வீட்டுக்கு வந்தியளா? உள்ள வாங்க" என்றார். அவசர கேஸ் இருக்கிறது என்று ஓடிவிட்டேன்.

நல்ல மாற்றமும் வரத்தான் செய்தது. இரண்டாவது மாதத்தில் குரல் கொஞ்சம் ஏறியது. நாலாவது மாதத்தில் பெஞ்சில் யாரோ சொன்ன பேச்சுக்கு அண்ணன் சிரித்தார், முகம் சிரித்தது. அந்தச் சிரிப்பை நான் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று அப்போதுதான் தெரிந்தது. உறையில் எழுத்து கொஞ்சம் தடித்தது. இப்போது அவர் காலையில் மட்டும் வேலைக்கு வருகிறார். அவருடைய மருந்துகளுக்கு இப்போது நானே சீட்டு எழுதிக் கோப்பில் வைக்கிறேன். கூட வேலை செய்கிற எல்லோரும் பெஞ்சில் முறை வைத்து உட்கார்ந்து, பெயர் சொல்லிக் கூப்பிட்ட பிறகு உள்ளே வந்துதான் வைத்தியம் பார்த்துக்கொள்ள வேண்டும். நர்ஸ் முறுமுறுக்கிறாள், முறுமுறுக்கட்டும்.

ஆறாவது மாதம் தோழியைப் பார்க்கப் போவதற்கு முந்தின நாள், மத்தியானம் ஒரு மணி, பெஞ்ச் காலியாக இருந்தது. அண்ணன் தடுப்பைச் சுற்றிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார்.

"தம்பி, என்ன மாதிரி ஒண்ணு நடந்து காட்டுங்க."

"அதெல்லாம் விட்டாச்சு அண்ணே."

"விளையாட்டுக்கு இல்ல. கண்ணாடியில நிக்கதுதான் தெரியும், நடக்கது தெரியாது. வீட்டுல கேட்டா நல்லா இருக்குன்னு சொல்லுவா, நான் விழுந்து கெடந்தாலும் அப்பிடித்தான் சொல்லுவா. நீங்கதான் சரியாக் காட்டுவிய."

முதலில் அவர் ஊசி போடுகிற அறையிலிருந்து வாசல் வரை நடந்து திரும்பி வந்தார். பிறகு நான் எழுந்தேன். அடி முன்பு போல் குறுகவில்லை, நீட்டி வைத்தேன். முதுகை நிமிர்த்தினேன். இரண்டே அசைவில் திரும்பினேன். வலது கையை வீசினேன். இடது கையைக் கொஞ்சம் அசைத்துவிட்டால் என்ன என்று நினைத்தேன். ஒரு சாண் வீச்சு போதும், அவர் இன்று மத்தியானம் நிம்மதியாகச் சாப்பிடுவார். வாசலில் போய்த் திரும்பும்வரை அந்த யோசனையிலேயே நடந்தேன். ஆனால் கை, பார்த்ததைத்தான் செய்தது. வயிற்றோடு ஒட்டிக்கொண்டு, அசையாமல், கூடவே வந்தது.

"அப்ப அந்த வீச்சு திரும்பி வரல்ல" என்றார்.

"வரல்ல அண்ணே."

மாத்திரை மட்டும் காரணமில்லை, நோய் முன்பே இருந்திருக்கிறது. அந்த ஒரு நொடி என் நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியது, பொய் சொல்ல மாட்டேன். நிமிர்ந்து அவரைப் பார்த்தேன். மூன்று வருடம் நான் என்ன சொன்னாலும் ஒன்றும் காட்டாத முகம் அது. இப்போது இறுக்கம் விட்டிருந்தது. இல்லையென்று நான் எடுத்துக்கொண்ட வருத்தம் எல்லாம் அதில் தெரிந்தது.