பிலோமினா ஆன்ட்டி வீட்டு தினார் கணக்கு

காலைப் பேப்பரின் ஈர மசி வாசனையும், அதன் கடைசிப் பக்கங்களில் எறும்பு ஊர்வதுபோல் நெருங்கிக் கிடந்த எண்களின்மேல் விரலை ஓட்டி ஓட்டி நுனி கறுத்துப்போவதும்தான் என் ஒன்பதாம் வயதின் விடியல்கள். பெங்களூர் லிங்கராஜபுரத்தில் எங்கள் சந்தில் இங்கிலீஷ் பேப்பர் வாங்கியது பக்கத்து வீட்டு பிலோமினா ஆன்ட்டி மட்டும்தான். அவர் காபி குடித்து முடிப்பதற்குள் நான் போய், 'குவைத் தினார்' என்ற வரியைத் தேடிப் படித்துவிட்டு ஓடிவந்து அம்மாவிடம் சொல்ல வேண்டும். வீட்டில் அம்மா, நான், தம்பி; அப்பா குவைத்தில் ஏ.சி. மெக்கானிக். ஒரு தினாருக்கு எத்தனை ரூபாய் என்பதை எங்கள் வீட்டில் 'ரேட்டு' என்று மட்டும் சொல்வோம். அறுபதை ஒட்டி நின்ற அந்த எண் சில காசுகள் ஏறினாலும் அன்றைக்கு அம்மா அரைக்கிலோ மீன் கூடுதலாக வாங்குவார்.

ஈராக் படை குவைத்துக்குள் நுழைந்த ஆகஸ்ட் மாதத்தில் அந்த வரியில் எண் இல்லாமல் போயிற்று. அந்த இடத்தில் ஒரு சிறிய கோடு மட்டும் இருந்தது. ஆன்ட்டி என் தலையைத் தடவி, "அம்மாகிட்ட இன்னிக்கி பேப்பர் வரலைன்னு சொல்லும்மா கண்ணு" என்றார். ரேடியோவில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டிருந்த அம்மா, நான் சொன்னதற்குச் சும்மா தலையாட்டினார்.

இரண்டு மாதம் கழித்து, பாலைவனம் கடந்து ஜோர்டான் போய், அங்கிருந்து விமானத்தில் பம்பாய் வந்து, ரயிலேறி அப்பா வீடு சேர்ந்தார். முகம் கறுத்து, கன்னம் ஒட்டிப்போயிருந்தது. சட்டைக்குள் பத்திரமாக வைத்துக் கொண்டுவந்த தினார் நோட்டுகளை எந்த வங்கியும் கையில் தொடவில்லை. அம்மா அவற்றைப் பைபிளுக்குள் வைத்துவிட்டு, "ஆளு வந்து சேர்ந்தாச்சில்ல, போதும்" என்றார். எனக்கும் போதும் என்றுதான் இருந்தது. விவரம் தெரிந்த பிறகு அப்பா முதன்முறையாக என்னைப் பள்ளிக்கூடம்வரை சைக்கிளில் கொண்டுபோய் விட்டது அந்த மாதங்களில்தான். வழியில் என்ன பேசுவது என்று இருவருக்குமே தெரியாமல், கடைப் பலகைகளை ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படித்துக்கொண்டே போவோம்.

ஆனால் அன்றைய பெங்களூரில் ஏ.சி. மெக்கானிக்குக்கு என்ன வேலை? மே மாதத்திலும் இரவில் போர்வை தேடுகிற ஊர். மின்விசிறிகூட இல்லாத வீடுகள் எங்கள் சந்திலேயே பாதி. அப்பா தினமும் காலையில் புறப்பட்டு, மாலையில் "ஒண்ணும் ஆகல" என்று வருவார்.

அடுத்த வருடம் குவைத் விடுபட்டது. பேப்பரில் தினாரும் திரும்பி வந்தது. அந்தப் போரால் எண்ணெய் விலை ஏறியதும், வளைகுடாவிலிருந்து வரும் பணம் நின்றதும், நாட்டின் அந்நியச் செலாவணி வற்றிப்போனதும், ஜூலையில் அரசே இரண்டு தவணையாக ரூபாயின் மதிப்பைக் குறைத்ததும் ஒரே கயிற்றின் முடிச்சுகள் என்று கல்லூரியில்தான் படித்தேன். அப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்த அதே போர்தான் அவரைத் திருப்பி அனுப்பவும் வழி செய்துகொண்டிருந்தது. அன்று நான் கண்டதெல்லாம், எழுபதில் இருந்த எண் எண்பதைத் தாண்டிக் குதித்ததுதான்.

பக்கத்து வீட்டுப் படியேற அப்பாவுக்குக் கூச்சம். அதனால் என்னைத்தான் கேட்பார்.

"பாப்பா, ரேட்டு எவ்ளோ?"

"அறுபதுப்பா."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

எண் ஏறினால் அப்பா போய்விடுவார் என்று அம்மா ஆன்ட்டியிடம் சொன்னதைக் கேட்டிருந்தேன். ஆகவே தினமும் பேப்பரைப் பார்த்துவிட்டு வந்து அறுபது என்றே சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை பூசையில், தினார் விழட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

ஒருநாள் பள்ளி விட்டுத் தோழிகளோடு மெயின் ரோட்டில் வந்துகொண்டிருந்தேன். மீன் கடை வாசலில் ஒருவர் சைக்கிளிலிருந்து ஐஸ் பாளங்களை இறக்கிக்கொண்டிருந்தார். சாக்கு நனைந்து சட்டையெல்லாம் ஈரம், விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. அப்பா. என்னைப் பார்த்ததும், என் தோழிகளுக்குத் தெரியக்கூடாது என்று நினைத்தோ என்னவோ, சட்டென்று முதுகைத் திருப்பிக்கொண்டார். நானும் கூப்பிடாமல் நடந்துவிட்டேன்.

மறுநாள் காலை அவர் கேட்பதற்கு முன்பே போய் நின்றேன்.

"எண்பதுக்கு மேலப்பா. ரொம்ப நாளாவே."

முகம் மழித்துக்கொண்டிருந்தவர் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தெரியும்மா."

"எப்பிடி?"

"ஊரே பேசுது. ஏஜெண்டு ரெண்டு வாட்டி வந்துட்டான். பாப்பா என்னிக்கி சொல்றாளோ அன்னிக்கி போலாம்னு அம்மாகிட்ட சொல்லிட்டிருந்தேன்."

அடுப்படியில் அம்மா எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. அப்பா சோப்பு நுரையோடு என்னை இழுத்து அணைத்துக்கொண்டார். என் பள்ளிச் சீருடையின் தோளில் ஒட்டிய நுரையை அவரே துண்டால் துடைத்தும் விட்டார்.

அடுத்த மாதம் கிளம்பினார். பைபிளுக்குள் இருந்த பழைய நோட்டுகளை, அவற்றை மாற்ற குவைத் அரசு கொடுத்திருந்த கெடு முடிவதற்குள் அங்கேயே மாற்றிவிட்டதாக முதல் கடிதத்தில் எழுதியிருந்தார். ஆறு வருடம் இருந்தார். வீட்டுக்குத் தளம் போட்டோம். நான் கல்லூரி போனேன். அந்தப் பணத்தில் தம்பியும் பின்னாளில் பாலிடெக்னிக் முடித்தான். அவர் திரும்பி வந்தபோது நான் அவர் தோளுக்கு வளர்ந்திருந்தேன்.

ஆன்ட்டியின் வீடு இருந்த இடத்தில் இப்போது நான்கு மாடி நிற்கிறது. என் அலுவலகத்தில் வெளிநாட்டில் இருக்கும் கணவர்களுக்காகக் காத்திருக்கும் பெண்கள் தினமும் செல்போனில் அவர்கள் முகத்தைப் பார்த்தே பேசிவிடுகிறார்கள். எங்களிடம் அந்த ஆறு வருடத்துக்கு இருப்பவை ஒரு கட்டு நீலநிறக் கடிதங்கள் மட்டும். அப்பாவின் அந்த வயதுக் குரல் எங்கும் பதிவாகவில்லை. எழுபது தாண்டிய அவர் இப்போது ஒரு பேச்சை ஆரம்பித்தால் சுற்றிச் சுற்றித்தான் முடிப்பார். வேலையிலிருந்து வந்ததும் கைப்பையைக்கூடக் கழற்றாமல் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் முடிக்கிறவரை கேட்டுக்கொண்டிருக்கிறேன்.