அந்த வரிக்குத் தாளம் கிடையாது

நடக்காமல் போன ஒரு கொலையை எப்படிக் கணக்கில் எடுப்பது? சமூகவியல் படித்து, இருபது ஆண்டுகளுக்கு மேலாக அதைச் சொல்லிக்கொடுத்தும் வருகிற எனக்கு விடை தெரியாது. ஜெரால்டு என்னிடம் இதை ஒருமுறை கேட்டார். அப்போதும் தெரியாது என்றுதான் சொன்னேன்.

புதன்கிழமை காலை சிதம்பரத்தில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது நிர்மலாவிடமிருந்து போன் வந்தது. ஜெரால்டின் பாட்டுக் குழுவில் கீபோர்டு வாசிக்கிற பெண் அவள், நர்சிங் படிக்கிறாள். "மேடம், ஜெரால்டு அண்ணன் நேத்து சாயங்காலம் இறந்துட்டாரு. நெல்லிக்குப்பம் ரோட்டுல கரும்பு டிரெய்லர் ஒண்ணு நின்னுருக்கு. அதுல பைக்கோட மோதிட்டாரு" என்றாள். நான் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் குரலைத் தாழ்த்தினாள். "நம்ம பசங்க ஆக்ஸிடென்ட்னு நம்பல. பிரவீன்தான் ஏதோ பண்ணிட்டான்னு சொல்றானுங்க. நீங்க உடனே கிளம்பி வாங்க."

அவளுக்கு அழ நேரம் கிடைத்திருக்கவில்லை என்று குரலிலேயே தெரிந்தது.

ஜெரால்டை நேரில் அறிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். அறியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முப்பத்தொரு வயது. செம்மங்குப்பத்தில் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. கடலூர் முதுநகரில் பாலத்துக்கு இந்தப் பக்கம் இருக்கிற தெருக்காரர்களுக்கும் அந்தப் பக்கம் இருக்கிறவர்களுக்கும் பல வருடங்களாக வெட்டுக்குத்து. ஒரு பேனர் கிழிந்தால் போதும், போனில் ஒரு பாட்டை ஸ்டேட்டஸ் வைத்தால் போதும். அந்த இரண்டு பக்கத்திலிருந்தும் எட்டுப் பேரைச் சேர்த்து, மாதா கோயிலுக்குப் பின்னாலுள்ள ஹாலில் உட்கார வைத்து, கத்தி எடுக்காதே என்று பாட்டுக் கட்ட வைத்தார். டிரம்ஸ் வாசித்த சதீஷ், ஜெரால்டைப் போலவே, இந்தப் பக்கத்துப் பையன். பாடிய பிரவீன் அந்தப் பக்கம்.

ஜெரால்டும் பத்தொன்பது வயதில் இடுப்பில் கத்தி வைத்திருந்தவர். எட்டு மாதம் சிறையில் இருந்தார். மனம் திருந்திய மனிதர் என்று மேடையில் யாரோ அவரை அறிமுகப்படுத்தியபோது பக்கத்தில் இருந்த என்னிடம் மெல்லச் சொன்னார்: "நான் திருந்தல மேடம். பயந்துட்டேன். ரெண்டும் வேற."

சில ஆண்டுகளுக்கு முன் அவரிடம் நான் போனது ஆய்வுக்காக. அந்தக் குழுவுக்கு உதவி செய்துவந்த ஒரு அறக்கட்டளை, பாட்டினால் வன்முறை குறைகிறதா என்று பார்த்து அறிக்கை தரச் சொல்லியிருந்தது. ஹாலில் ஒரு ஓரமாக நாற்காலி போட்டு, நோட்டுப் புத்தகத்தோடு பல மாதங்கள் உட்கார்ந்திருந்தேன். முதல் சில வாரங்கள் அவர்கள் என்னைப் போலீஸ் என்று நினைத்தார்கள்.

அப்படி உட்கார்ந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை சதீஷ் புதிதாக எழுதிய வரியைப் படித்தான். "நேத்து நடந்தது சம்பவம், நெலகொலஞ்சது குடும்பம்." ஒருவரை வெட்டுவதைச் சம்பவம் என்றுதான் அந்தப் பையன்கள் சொல்வார்கள். பாட்டு நன்றாக வந்தாலும் அதுவும் சம்பவம்தான். எல்லோரும் கை தட்டினார்கள். ஜெரால்டு தட்டவில்லை.

"சம்பவம்னா என்னாடா?"

"சம்பவம்னா சம்பவம்தாண்ணே."

"யாரு யாரை வெட்டுனா?"

சதீஷ் பிரவீனைப் பார்த்தான். "அண்ணே, பேர் சொல்ல வேணாம்னு நீங்கதான சொன்னீங்க."

"பேர் வேணாம். எங்க வெட்டுனான், அதச் சொல்லு."

"கையில."

"எந்தக் கை?"

"சோத்துக் கை."

"இப்ப அந்தாளு எப்படிச் சாப்புடுறான்?"

"அவுங்க அம்மா ஊட்டி வுடுறாங்க."

"அத எழுது" என்றார் ஜெரால்டு.

அன்றிலிருந்து அந்த ஹாலில் சம்பவம் என்ற சொல்லுக்குத் தடை. யாராவது வாய் தவறிச் சொன்னால், யார் என்ன செய்தார்கள் என்று முழுதாகச் சொல்லியாக வேண்டும். "நீ லேட்டா வந்தியே, அது என்னா சம்பவம் மாமா?" என்று பிரவீனைக் கிண்டல் செய்த சதீஷே ஒருமுறை மாட்டிக்கொண்டு, பிரவீன் வந்த பஸ் பஞ்சரானதை டயர் டயராக விவரிக்க வேண்டி வந்தது.

பாட்டு நன்றாக வந்தது. அதைத் தெருவில் பாடியபோது நடந்ததையும் சொல்ல வேண்டும். சோத்துக் கையை வெட்டிய வரி வந்ததும் முன்வரிசைப் பையன்கள் விசிலடித்து ஆடினார்கள். அதை நோட்டில் குறித்துக்கொண்டேன். பாட்டால் எதுவும் மாறாது என்று நான் நினைத்தது சரியாகப் போயிற்று என்ற ஒரு திருப்தியும் இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. அடுத்த ஞாயிறு ஜெரால்டு சதீஷிடம், "அந்த வரிக்கு அடிக்காத" என்றார்.

"பல்லு வுழுந்த மாதிரி இருக்கும்ணே."

"இருக்கட்டும். ஆடுறவன் ஆட முடியாம நிக்கணும்."

அதற்குப் பிறகு எந்தப் பாட்டிலும் வெட்டு வருகிற வரிக்குத் தாளம் கிடையாது. டிரம்ஸும் கீபோர்டும் நின்றுவிடும். பிரவீனின் குரல் மட்டும், ஏதோ விலாசம் சொல்வதுபோல, அந்த வரியைச் சொல்லிவிட்டுப் போகும். நான் நான்கு முறை தெருவில் நின்று கேட்டேன். இரண்டு முறை கூட்டம் அடங்கியது. இரண்டு முறை அப்போதும் விசில்தான். அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. பாட்டினால் வன்முறை குறைந்தது என்பதற்கு ஆதாரம் இல்லை என்று அறிக்கையில் எழுதினேன். அறக்கட்டளை உதவியை நிறுத்திக்கொண்டது.

ஒரு மாதம் கழித்து ஜெரால்டு சிதம்பரத்தில் என் துறைக்கே வந்தார். கையில் அறிக்கையின் நகல். சண்டை போடத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"ஒரு தப்பு இருக்கு மேடம். என் பேரை 'ஜெரால்டு என்கிற ஜெரி'ன்னு போட்டிருக்கீங்க. ஸ்டேஷன்ல எழுதுற மாதிரி இருக்கு. அம்மா பார்த்தா பயந்துடும்."

மன்னிப்புக் கேட்டேன். மற்றபடி கோபம் இல்லையா என்றும் கேட்டேன்.

"எதுக்குக் கோபம்? போன மாசம் ஒருத்தன் கத்தியோட கிளம்பி, பாதி வழியில திரும்பி வந்துட்டான். எதுக்கு வந்தான்னு அவனுக்கே தெரியல. அத நீங்க எந்த லிஸ்ட்டுல எழுதுவீங்க?"

முதலில் சொன்ன கேள்வி இதுதான்.

இனி புதன்கிழமைக்கு வருகிறேன். செவ்வாயன்று அவரும் பிரவீனும் ஆளுக்கொரு பைக்கில் திருவதிகைக்குப் போய், ஒரு நிகழ்ச்சிக்கு இடம் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள். பிரவீன் வீடு வந்து சேர்ந்தான். ஜெரால்டு வரவில்லை. கூடப் போனவன் எப்படி முன்னால் வந்தான் என்பதுதான் பையன்களின் கேள்வி.

நிர்மலாவும் நானும் முதலில் அந்த இடத்துக்குப் போனோம். டிரெய்லர் பஞ்சராகி மதியத்திலிருந்தே நின்றிருக்கிறது. பின்னால் சிவப்பு விளக்கு இல்லை; டிரைவர் ரோட்டில் ஒரு வேப்பங்கிளையைப் போட்டுவைத்திருந்தார். ஜெரால்டு ஹெல்மெட் போட்டிருக்கவில்லை. எப்போதுமே போட மாட்டார். எதிரில் டீக்கடை வைத்திருந்த அம்மாவிடம் மூன்று விதமாகக் கேட்டேன். மூன்று முறையும் ஒரே பதில்தான் வந்தது. "முன்னாடி ஒரு புள்ள தனியா போச்சும்மா. அது போயி நான் பத்து டீயாவது போட்டிருப்பேன். அதுக்கப்புறந்தான் இந்தப் புள்ள வந்து வுழுந்துச்சு."

திரும்பி வரும்போது நிர்மலா சொன்னாள்: "இத நீங்கதான் சொல்லணும். நாங்க சொன்னா பிரவீனைக் காப்பாத்துறோம்பாங்க. நீங்க எங்களப் பத்தியே நல்லதா எழுதாதவங்க."

ஜெரால்டு வீட்டு வாசலில் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டியிருந்தார்கள். கீழே நண்பர்களின் சின்னச் சின்னப் படங்கள், இரண்டு வரிசை. இரண்டாவது வரிசையில் ஒரு முகத்தை மட்டும் பிளேடால் சதுரமாக அறுத்து எடுத்திருந்தார்கள். அந்த ஓட்டை வழியே சுவர் தெரிந்தது. அது யார் முகம் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அதற்கு என்ன பொருள் என்பதையும்.

சதீஷும் இன்னும் மூன்று பேரும் பந்தலுக்கு வெளியே நின்றிருந்தார்கள். பார்த்ததை, கேட்டதை, வரிசையாகச் சொன்னேன். எனக்கு இப்படிப் பேசிப் பழக்கமில்லை. வகுப்பில் பேசுவதுபோலத்தான் வந்தது.

"அந்த டீக்கடைக்காரம்மாவுக்கு அவன் சொல்லிக் குடுத்திருந்தா?" என்றான் சதீஷ்.

"அதற்கு ஆதாரம் இல்லை."

"எங்களப் பத்தியும் இதையேதான் எழுதுனீங்க."

"ஆமாம். தெரிந்ததை மட்டும்தான் எழுதினேன். இப்போதும் தெரிந்ததை மட்டும்தான் சொல்கிறேன்."

அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான். நம்பினானா என்று தெரியவில்லை.

சாயங்காலம் அடக்கம். பிரவீன் வரவில்லை, வர வேண்டாம் என்று நிர்மலா சொல்லியிருந்தாள். ஜெரால்டைப் பற்றி ஒரு பாட்டாவது பாடுங்கள் என்று அக்கம்பக்கத்தார் கேட்டார்கள். அவள் மறுத்துவிட்டாள். "பாடுனா அழுதுடுவேன் மேடம். நான் அழுதா இவனுங்க கிளம்பிடுவானுங்க." பத்து வருடம் பாட்டுக்காக உழைத்தவரை ஒரு பாட்டும் இல்லாமல் புதைத்தோம். ஃபாதர் ஜெபம் சொன்னதோடு சரி.

ஜெரால்டிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது பெரிதாக ஒன்றும் இல்லை. மாணவர்களின் விடைத்தாளில் 'ஒரு சம்பவம் நடைபெற்றது' என்று வந்தால், அதைச் சுழித்து, யார், யாருக்கு, என்ன செய்தார்கள் என்று ஓரத்தில் எழுதுகிறேன். சில ஆண்டுகளாக இதைச் செய்துவருகிறேன். இனியும் செய்வேன்.

அடக்கத்துக்கு மறுநாள் நடந்தது இது. காலை பத்து மணிக்கு நிர்மலாவும் நானும் கல்லறைத் தோட்டத்தில் இருந்தோம். யாரிடமும் சொல்லாமல் பிரவீன் தன் அம்மாவோடு மெழுகுவத்தி ஏற்ற வந்தான். சதீஷும் அந்த மூவரும் பின்னாலேயே வந்தார்கள்.

"ஏன்டா முன்னாடி வந்த?" என்றான் சதீஷ்.

"அண்ணன்தான் போகச் சொன்னாரு. உங்க அம்மா தனியா இருக்கும், நீ போ, நான் டீ குடிச்சிட்டு வரேன்னாரு."

சதீஷ் குனிந்து ஒரு கல்லை எடுத்து பிரவீனின் நெற்றியில் அடித்தான். கை ஓங்கியபோது சட்டை மேலேறி, இடுப்பில் கத்தி செருகியிருப்பது தெரிந்தது. பிரவீன் கீழே விழுந்தான். அவன் அம்மா மகன்மேல் கவிழ்ந்துகொண்டார். சதீஷ் சற்று நேரம் அப்படியே நின்றான். கத்தியை எடுக்கவில்லை. கல்லைப் போட்டுவிட்டு வெளியே போனான். மற்ற மூவரும் அவன் பின்னால் போனார்கள்.

நிர்மலா தன் துப்பட்டாவால் காயத்தைக் கட்டினாள். ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஐந்து தையல். புகார் கொடுக்கவில்லை. சாயங்கால பஸ்ஸில் பிரவீனை அவன் அம்மா திருப்பூருக்கு அனுப்பிவிட்டார். குழுவில் இப்போது பாட ஆள் இல்லை.