சேணத்துக்குள் தேடிய முள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்து, நம் கொட்டகையில் நின்ற குதிரையின் சேணத்துக்கு அடியில் கையை விட்டு நான் முள் தேடினேன். அந்த முள்ளை வைத்தது உங்கள் தாய்மாமாதான் என்று அப்போது எனக்குத் தீர்மானமாகத் தெரியும். பிள்ளைகளே, நீங்கள் இருவரும் மறைக்கல்வி வகுப்பில் இருந்தீர்கள். அம்மா உங்களிடம் பாதி சொல்லியிருக்கிறாள், அதுவும் சிரித்துக்கொண்டே. மீதியை நானே எழுதிவிடுகிறேன். எட்டாவதுக்கு மேல் படிக்காதவன் எழுத்து, பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

குதிரையைத் தேவாரம் ஊரில் வாங்கினேன். சாம்பல் நிறப் பெண் குதிரை. வண்டிப் பந்தயத்தில் ஓடியது, வேகம் குறைந்ததும் விற்றுவிட்டார்கள். கம்பம், உத்தமபாளையம் பக்கம் மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் குதிரை கேட்பார்கள். சின்னமனூரில் இப்போது காதுகுத்துக்கும் கேட்கிறார்கள். ஏற்றிக்கொண்டு போக என்னிடம் குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி இருந்தது. லோடு இல்லாத நாளில் அது சும்மா நிற்பதற்குக் குதிரையை ஏற்றட்டுமே என்று நினைத்தேன்.

பந்தய வண்டி இழுக்கிற குதிரைக்குச் சேணம் வேண்டாம். கழுத்திலும் மார்பிலும் வார் கட்டினால் போதும். ஆள் ஏற வேண்டுமென்றால் சேணம் வேண்டும். கம்பம்மெட்டுக்கு அந்தப் பக்கம், சுற்றுலா வருகிறவர்களைக் குதிரையில் ஏற்றிச் சுற்றிக்காட்டுகிற ஒருவர் ஒரு சேணத்தை விற்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். சிவப்பு வெல்வெட், ஓரத்தில் சரிகை, முன்னால் பித்தளைக் குமிழ். அவர் அதை ஒரு குட்டைச் சுவரின் மேல் தூக்கி வைத்து, "இரிந்நு நோக்கு சேட்டா" என்றார். உட்கார்ந்து பார்த்தேன். சோபா தோற்றது. மலையாளத்துக்காரர் தலையில் கட்டப் பார்க்கிறாரோ என்று எனக்குச் சந்தேகம். தையலை நகத்தால் இழுத்துப் பார்த்தேன். தோல் அசல்தானா என்று முகர்ந்து பார்த்தேன். பித்தளையைச் சாவியால் சுரண்டினேன். ஏமாந்துவிடக் கூடாது என்று இவ்வளவும் செய்தவன், குதிரையைக் கொண்டுபோய் அதன் முதுகில் ஒருமுறை வைத்துப் பார்க்கவில்லை.

முதல் இரண்டு ஊர்வலம் நன்றாகத்தான் போனது. மூன்றாவதுக்குப் புறப்படும்போது, சேணத்தைத் தூக்கிக்கொண்டு போனதுமே காதைப் பின்னால் மடக்கியது. வயிற்று வாரை இறுக்கினால் திரும்பிக் கடிக்க வந்தது. அன்று திரும்பி வந்து சேணத்தைக் கழற்றியபோது முதுகெல்லாம் வேர்வை. ஆனால் தோளுக்குப் பின்னால், இரண்டு பக்கமும் உள்ளங்கை அளவு இடம் மட்டும் காய்ந்து கிடந்தது. அந்த இடத்தில் சேணம் படவில்லை, அதனால்தான் ஆடுகிறது, குதிரை மிரளுகிறது என்று கணக்குப் போட்டேன். அடியில் கம்பளியை இன்னொரு மடிப்பு போட்டேன். பிறகு வேறொரு கம்பளி. கடைசியில் மூன்று கம்பளி ஆனது. குதிரை இன்னும் மோசமானது.

சின்னமனூர் கல்யாணத்தில் செண்டை மேளம் ஆரம்பித்ததும் பின்னங்காலைத் தூக்கி உதறியது. மாப்பிள்ளை தலைப்பாகையோடு என் தோளில் வந்து விழுந்தார். "மாப்பிள்ளைக்குக் கல்யாணத்துல இஷ்டமில்ல போல" என்று கூட்டத்தில் யாரோ சொல்ல, பெண் வீட்டார் சிரிக்கவில்லை. வாயை அடக்கினால் குதிரை அடங்கும் என்று ஒருவர் சொன்னதைக் கேட்டு முள் வைத்த கடிவாளம் ஒன்றை வாங்கிப் போட்டேன். ஒரே நாள். வாயோர நுரையில் சிவப்புக் கோடு ஓடியது. கழற்றித் தூர வைத்துவிட்டேன். அது நான் செய்ததுதான். அதற்கு வேறு யார் மேலும் பழி போட முடியாது.

மற்ற எல்லாவற்றுக்கும் உங்கள் மாமாவின் மேல் பழி போட்டேன்.

நான் லோடு போகிற நாளில் குதிரைக்குத் தீனியும் தண்ணீரும் வைப்பது அவர்தான். கோயில் திருவிழாப் பந்தயத்துக்கு ஒரு தடவை வண்டியில் பூட்டுகிறேன் என்று கேட்டார். நான் மாட்டேன் என்றேன். முகத்தைத் தூக்கிக்கொண்டு போனார். அதற்கு அடுத்த வாரம், திராட்சை லோடோடு வரும்போது வாய்க்கால் கரையில் பார்த்தேன். குதிரையின் முதுகில் ஒரு சாக்கு, அதன் மேல் அவர். குதிரை கன்றுக்குட்டி போல் தலையை ஆட்டிக்கொண்டு போகிறது. என்னைக் கண்டால் கடிக்கிற குதிரை இவரிடம் மட்டும் எப்படி அடங்கியது? ஏதோ செய்கிறார், நான் வெறுத்துப்போய் குதிரையை விட்டுவிட வேண்டும் என்று பார்க்கிறார். அன்றைக்கு என் மனதில் விழுந்தது இது. விழுந்த பிறகு எல்லாமே அதற்குச் சாட்சியாகத் தெரிந்தது. அவர் தீனித் தொட்டியைக் கழுவி வைத்தால்கூட எதை மறைக்கக் கழுவினார் என்று யோசித்தேன்.

ஒருநாள் அவர் சொன்னார்: "மச்சான், அந்தச் சேணத்த மாத்துங்க. அதுக்கு முதுகு வலிக்குது."

"ஒங்கிட்ட வந்து சொல்லுச்சா?"

"ஒங்ககிட்டயுந்தான் சொல்லுது. நீங்க அதக் கடிக்குதுங்கிறீக."

அந்தப் பேச்சும் எனக்குச் சந்தேகமாகத்தான் பட்டது. இரண்டு நாள் கழித்து டீக்கடையில், நாலு பேர் இருக்கும்போது, "குதிரைக்கு என்னா குடுக்குற மாப்ள?" என்று கேட்டுவிட்டேன். டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். அதற்குப் பிறகு நம் வீட்டுப் பக்கம் வரவில்லை.

தேனிப் பக்கத்திலிருந்து ஒரு தரகர் வந்து குதிரையைப் பார்த்தார். "பிள்ள குட்டி இருக்குற வீட்ல கடிக்கிற குதிரைய வச்சுக்கிட்டு என்னா செய்யப்போறீக? திங்கக்கெழம காலைல வண்டியோட வர்றேன்" என்றார். கடிக்கிற குதிரையைத் தரகர் எங்கே கொண்டுபோவார் என்று கேட்டேன். "அதெல்லாம் எடம் இருக்கு" என்றார். அடிமாடு போகிற இடத்துக்குத்தான் இதுவும் போகும் என்று எனக்குப் புரிந்தது. ஆறு வயதுக் குதிரை. உங்கள் கையிலிருந்து வெல்லம் வாங்கித் தின்னும். குற்றம் குதிரையுடையது இல்லை, உங்கள் மாமாவுடையது என்று காட்டிவிட்டால் அதைக் காப்பாற்றிவிடலாம். அதற்கு ஆதாரம் வேண்டும். எனக்கு இருந்தது அந்த ஞாயிறு ஒரு நாள்தான்.

அதனால்தான் முள் தேடினேன். சேணத்தைக் கழற்றித் தடவினேன், ஒன்றும் இல்லை. கெட்டிக்காரன் பஞ்சுக்குள் ஆழமாக வைத்திருப்பான், வார் இறுகினால்தான் முனை வெளியே வரும் என்று தோன்றியது. அப்படியே மூன்று கம்பளியோடும் குதிரை மேல் போட்டு, தோளுக்குப் பின்னால் வலது கையை உள்ளே விட்டுக்கொண்டு, உங்கள் அம்மாவை வாரை இழுக்கச் சொன்னேன்.

"இன்னும் இறுக்கு."

இறுக்கினாள். நான் கத்திய கத்தலில் வேலியில் இருந்த கோழி பறந்தது.

"முள்ளா?" என்றாள்.

"அவுறு! வெரலு! அவுத்து விடு!"

அவள் வாரைக் கையில் பிடித்தபடியே நின்றாள். "முள்ளு குத்துச்சா இல்லையா, மொத அதச் சொல்லுங்க. அவுத்தப்பறம் என் தம்பிதான் வச்சான்னு கத விடுவீக."

"முள்ளும் இல்ல ஒண்ணும் இல்ல, மரம்! மரம் நசுக்குது!"

"அப்ப என் தம்பி?"

"அவன் ஒண்ணும் பண்ணல. அவுறு ஆத்தா!"

அவிழ்த்தாள். நடுவிரலும் மோதிர விரலும் கன்றிப்போயிருந்தன. குதிரை தலையைத் திருப்பி என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

கம்பளிகளை எடுத்துவிட்டு வெறும் முதுகில் சேணத்தை வைத்துப் பார்த்தேன். அப்போதும் விரலை நுழைப்பது சிரமமாக இருந்தது. வெல்வெட்டுக்கு உள்ளே கவட்டை போல ஒரு மரச்சட்டம் இருக்கிறது. சேணத்தை விற்ற அந்த மனிதர் வைத்திருந்தது எல்லாம் ஒடுங்கிய முதுகுள்ள குள்ளக் குதிரைகள். நம் குதிரைக்குப் பந்தயத்தில் இழுத்து இழுத்து அகன்ற தோள். உங்கள் பள்ளிக்கூட ஷூ சின்னதாகிப் போன வருஷம், வலிக்கிறது என்று அழுதீர்களே, அதற்குள் மூன்று சாக்ஸ் போட்டுவிட்டால் எப்படி இருக்கும்? நான் செய்தது அதுதான். காய்ந்து கிடந்த இரண்டு இடமும் சேணம் படாத இடம் இல்லை. வேர்வைகூட வெளியே வர முடியாதபடி சேணம் அழுத்திய இடம். முடியை விலக்கிப் பார்த்தேன், தோல் தடித்துக் கிடந்தது. வெல்வெட்டின் மேல் நான் உட்கார்ந்து பார்த்து, எனக்குப் பொருந்துகிறது என்று வாங்கிவந்தேன்.

திங்கள் காலையில் தரகர் சொன்னபடி வந்தார். குதிரையை விற்கவில்லை என்றேன்.

"வேற ஆளு வந்தாகளா?"

"யாரும் வரல."

"தேவாரத்து ஆளுதான? சொல்லுங்க, நான் கோவிச்சுக்க மாட்டேன்." என் முகத்தையே பார்த்தார். நான் எதைச் சொன்னாலும் நம்பவில்லை. நின்று கொட்டகையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் வண்டியைத் திருப்பினார்.

பிறகு திராட்சைத் தோட்டத்துக்குப் போனேன். உங்கள் மாமா பந்தலுக்கு அடியில் கொடி கட்டிக்கொண்டிருந்தார். என் தலையைக் கண்டும் கையை நிறுத்தவில்லை.

"தப்பு என் மேலதான் மாப்ள. சேணந்தான் காரணம்."

"யாரு சொன்னாக?"

நான் கையைக் காட்டினேன். கறுத்துப்போன இரண்டு விரலையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒங்களுக்கு ஒரு நிமிசம். அதுக்கு நாலு மாசம்" என்றார். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. டீக்கடையில் கேட்டது தப்பு என்று டீக்கடையிலேயே வந்து சொல்லுங்கள் என்றார். சாயங்காலம் அங்கே போய், அன்றிருந்த நாலு பேரில் மூன்று பேரைத் தேடிப் பிடித்துச் சொன்னேன். அதன் பிறகுதான் வீட்டுக்கு வந்தார்.

குதிரையின் முதுகில் இரண்டு பக்கமும் விரலால் மெல்ல அழுத்தினார். அது முதுகைத் தாழ்த்திக்கொண்டு விலகியது. அவர் கையை எடுத்துவிட்டார்.

"மூணு மாசத்துக்கு இதுமேல ஒண்ணும் வைக்கக் கூடாது. சாக்குகூட வேணாம்."

"வைக்கல."

"நல்ல எடத்துலருந்து ஊர்வலத்துக்குக் கூப்பிட்டா?"

"வைக்க மாட்டேன் மாப்ள."

பிறகு கொட்டகைக்குள் போய் அந்தச் சிவப்புச் சேணத்தைத் தூக்கிவந்து, தன் பைக்கின் பின்னால் வைத்துக் கயிறு போட்டுக் கட்ட ஆரம்பித்தார்.

"இத எதுக்கு எடுத்துட்டுப் போற?"

"ஒங்கள நம்ப முடியாது மச்சான்" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.