மாமா கட்டிய கொடி

என் மேசை இழுப்பறையில் ஒரு முழ நீல நைலான் கயிறு கிடக்கிறது. நடுவில் ஒரு முடிச்சு. ஊசி, கோணூசி, பல் என்று எல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று. இன்றுவரை அது யாருக்கும் மசியவில்லை. தேனாம்பேட்டை அலுவலகத்துக்குக் கிளம்பும் அவசரத்தில் சாவி தேடும்போதெல்லாம் கையில் தட்டுப்படும். உடனே மாமா ஞாபகம் வந்துவிடும்.

மாமா என் அம்மாவின் தம்பி. மயிலாப்பூருக்குக் கிழக்கே, கடலை ஒட்டிய எங்கள் குப்பத்திலிருந்து நாற்பது வருஷம் கடலுக்குப் போனவர். ஒரு சுதந்திர தினத்துக்குக் கொடி கட்டும் பொறுப்பை அவரிடம் கொடுத்தார்கள். கயிறு விஷயத்தில் அவரை விட்டால் ஆளில்லை என்று எல்லோருக்கும் நம்பிக்கை. மடித்த கொடிக்குள் சாமந்தி இதழ்களை வைத்துச் சுருட்டிக் கட்டி, கம்பத்தின் உச்சிக்கு ஏற்றிவிட வேண்டும். கீழேயிருந்து ஒரு சுண்டு சுண்டினால் முடிச்சு அவிழ்ந்து பூ கொட்ட வேண்டும். கொடியேற்ற வந்திருந்தவர் பள்ளியிலிருந்து ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. சுண்டினார், அசையவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார், கம்பம்தான் ஆடியது. இழுக்க இழுக்க முடிச்சு இறுகியது. படகின் நங்கூரத்துக்குப் போடுகிற முடிச்சை மாமா கொடிக்குப் போட்டிருந்தார். "இன்னா மாமா, கொடி எங்கனா ஓடிடும்னு நங்கூரம் பாய்ச்சிட்டியா?" என்று கூட்டத்தில் ஒருவன் கேட்க, குப்பமே சிரித்தது. கடைசியில் கம்பத்தைச் சாய்த்து, துணியில் படாமல் கத்தி வைத்து முடிச்சை அறுத்தெடுத்தார்கள். அந்தத் துண்டைத்தான் நான் எடுத்து வைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு இரண்டு வருஷம், கொடியேற்றும் காலையில் மட்டும் மாமா வீட்டுக் கதவு சாத்தியிருக்கும். எமனையே வம்புக்கிழுக்கிற வாய் அவருக்கு. அப்படிப்பட்டவர் வாயைப் பூட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தது எனக்குப் பொறுக்கவில்லை.

அம்மாவை டில்லிக்கு அழைத்துப் போனபோது அவரையும் வலுக்கட்டாயமாக ரயிலேற்றினேன். குடியரசுத் தலைவர் மாளிகையிலிருந்து இந்தியா கேட் வரை நூல் பிடித்தாற்போல் ஓடும் அந்தச் சாலையில், லுங்கிக்குப் பதில் எனக்காகக் கட்டிய வெள்ளை வேட்டியோடு மாமா நடந்தார். இந்தியா கேட் வளைவில் செதுக்கியிருப்பதெல்லாம் போரில் செத்துப்போன சிப்பாய்களின் பெயர்கள் என்று சொன்னதும், செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். பக்கத்திலிருக்கும் போர் நினைவிடத்தில் பொழுது சாயும் நேரம் கொடியிறக்கினார்கள். எல்லோரும் கொடியைப் பார்த்தார்கள். மாமா சிப்பாயின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கயிறு அந்த விரல்களுக்கிடையே வழுக்கிக்கொண்டு வந்தது. கொடி தரையில் படாமல் இன்னொரு சிப்பாயின் கைகளில் வந்து இறங்கியது.

வெளியே வந்து புல்வெளியில் உட்கார்ந்து வேர்க்கடலை கொறிக்கும்போதுதான், முதல்முறையாக அந்த நாளைப் பற்றிப் பேசினார்.

"அன்னிக்கி கச்சான் காத்து, கண்ணு. மேற்கால இருந்து பிச்சிக்கினு அடிச்சுது. லேசா கட்டி, டீச்சரம்மா கை வெக்கறதுக்கு முன்ன அவுந்து கீய வுயுந்துட்டா? கொடியாச்சே அது. அதான் எனக்குத் தெரிஞ்சதுலயே கெட்டியானத போட்டேன்."

ஊரே சிரித்தது எதைப் பார்த்து என்று நினைத்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது, நானும் அன்று சிரித்தவள்தான். அவர் கொஞ்ச நேரம் தோல் உரித்துக்கொண்டிருந்துவிட்டு, "அடுத்த வாட்டி நான்தான் கட்டுவேன்னு சொல்லு. அதே டீச்சரம்மாவ கூப்புடு" என்றார்.

குப்பத்தில் சம்மதிக்க வைப்பதற்குள் எனக்குப் போதும் போதுமென்றாகிவிட்டது. அடுத்து வந்த குடியரசு தினத்தன்று வாடைக்காற்று கண்ணில் மணலை அடித்தது. மாமா விடிந்ததிலிருந்து கம்பத்தடியில் நின்று, கொடியைக் கட்டி அவிழ்த்துக் கட்டினார். தலைமையாசிரியை கயிற்றைத் தொட்டதும் கூட்டம் மொத்தமும் அண்ணாந்து பார்த்தது. மாமா மேலே பார்க்கவேயில்லை. அந்த அம்மாவின் கையையே பார்த்தார். ஒரே சுண்டு. சடாரென்று விரிந்தது கொடி. பூவெல்லாம் காற்றோடு பறந்து, காயப்போட்டிருந்த வலைகளின் மேல் விழுந்தது. அன்று கிண்டலடித்தவனே முதலில் கைதட்டினான். அந்தக் கொடியைப் பார்த்ததில் பாதி, அதைக் கட்டிய ஆளைப் பார்த்ததில் பாதி என்று என் நெஞ்சு நிமிர்ந்துபோயிற்று. மாமா வேட்டி முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நீ வெச்சிக்கினு கீற அந்தப் பழைய கயித்துத் துண்டத் தூக்கிக் கடாசு" என்றார். சரி என்று தலையாட்டினேன்.

மாமா போய் இரண்டு வருஷம் ஆகிறது. இப்போது கொடி கட்டுவது அந்தக் கிண்டல்காரன்தான், ஒழுங்காகவே கட்டுகிறான். இந்த ஆகஸ்டிலும் கம்பத்தடிக்குக் கிளம்பும் முன் இழுப்பறையைத் திறந்து, மாமாவின் முடிச்சை ஒருமுறை இழுத்துப் பார்த்தேன்.

இன்னும் இறுகத்தான் செய்தது.