பாறைக் குழியில் பூத்த ஊதாப் பூ

உலகத்தில் யாரும் அதுவரை பெயர் வைக்காத ஒரு செடியை நான் வேரோடு பிடுங்கி, தொட்டியில் நட்டு, விற்கப் பார்த்தேன். நடந்தது இதுதான்.

ஊரப்பாக்கத்தில் நர்சரி போட்ட புதிது. கடைக்குப் பின்னால் ஒரு பெரிய பாறை. ஐப்பசி மழை விட்டதும் அதன் குழிகளில் தண்ணீர் நிற்கும், பாசி வாசனை கடை வரைக்கும் வரும். அந்தத் தண்ணீர் ஓரத்தில்தான் பார்த்தேன்... விரல் உயரச் செடி, கடுகை விடக் கொஞ்சம் பெரிய ஊதாப் பூ.

மேஜை மேல் வைக்க நல்ல அயிட்டம்! பக்கத்து நர்சரிக்காரர் பார்ப்பதற்குள், ஒன்று விடாமல் அள்ளி வந்தேன்.

செம்மண், மாட்டு எரு, மண்புழு உரம்... ராஜ உபசாரம். இலை கொழுத்தது. பூ நின்றது.

அந்த வாரம் செம்பருத்தி வாங்க வந்தார் ஸ்டெல்லா மிஸ். தாம்பரத்தில் காலேஜில் தாவரவியல் சொல்லிக் கொடுப்பவர். மிச்சமிருந்த ஒரே பூவை லென்ஸ் வைத்துப் பார்த்தார்.

"அண்ணா, இது எங்க கெடச்சுது?"

"பின்னாடி பாறையில மேடம். ரெண்டா எடுத்துக்குங்க, ரேட் பாத்துப் போடறேன்."

"பாறையில மிச்சம் இருக்கா?"

"இல்ல மேடம். நீட்டா எல்லாத்தையும் எடுத்துட்டேன்."

அவர் முகம் போன போக்கு...

"இது புதுச் செடியா இருக்கலாம்ணா. தானா எப்படி வளருதோ அப்படித்தான் கட்டுரையில எழுதணும். காய், விதை பாக்கணும். நீங்க எருவப் போட்டு குண்டாக்கி வெச்சிருக்கீங்க. இத எழுதினா சிரிப்பாங்க!"

தொட்டிச் செடிகள் காய்க்காமலே அழுகின. தொலைத்தவன் நான், தேட வேண்டியதும் நான்தான் என்று முடிவெடுத்தேன்.

அடுத்த மழைக்காலத்தில் ஞாயிறு தவறாமல், மிஸ் சர்ச் முடித்து வந்ததும் கிளம்புவோம். படப்பைப் பக்கம் வரை பாறை பாறையாக ஏறினோம்.

"ஒரு களைச் செடிக்கா இவ்ளோ பெட்ரோல்?" என்றாள் என் மனைவி. ஒருமுறை வழுக்கி விழுந்து என் முழங்கால் வீங்கியது. அடுத்த ஞாயிறும் ஏறினேன்.

கார்த்திகைக் கடைசியில் ஒரு குழி...

"மிஸ், பூ இருக்கு! காயும் இருக்கு!"

கத்திவிட்டு, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். என் கை மேல் எனக்கே நம்பிக்கை இல்லை. மிஸ் ஐந்தே செடி எடுத்து, பழைய பேப்பர் மடிப்பில் வைத்து அழுத்தினார். இதழ், காய், விதை என்று அளந்து, பழைய பதிவுகளோடு ஒப்பிட்டு, புது இனம்தான் என்று கட்டுரை வெளிவர இரண்டு வருஷம் ஆனது.

இப்போது என் கடைக்குப் பின்னால் அபார்ட்மென்ட். பாறையை உடைத்த இடத்தில் கார் பார்க்கிங். எனக்கும் ஞாயிறு என்றால் சோபாவும் மொபைலும்தான்... இரண்டு வருஷமாக எந்தப் பாறையும் ஏறவில்லை.

அந்தக் கார்த்திகையில் செடி கிடைத்த அன்று, பாறை மேலேயே பேரம் பேசியிருந்தேன். "மிஸ், செடிக்கு என் பேர வைங்களேன்."

"எல்லாத்தையும் பிடுங்கினவர் பேரயா?" என்று சிரித்துவிட்டு, அவர் கண்டிஷன் போட்டார்.

பேரம் முடிந்தது இப்படி: இடத்தை நான் யாரிடமும் சொல்லக் கூடாது, ஒரு செடிகூட விற்கக் கூடாது. பதிலுக்குக் கட்டுரையின் நன்றிப் பகுதியில் என் பெயர், ஒரு வரி.