அக்காவின் நேர்முகம்

அக்காவின் நேர்முகத்துக்கு நாங்கள் நாலு பேரும் போனோம். நாங்கள் புலம்பெயர்ந்து வந்து குடியிருந்த கிளேட்டன் புறநகரில், எங்கள் வீட்டிலிருந்து பல்கலைக்கழகம் காரில் ஐந்து நிமிடம்தான். இருந்தாலும் அம்மா ரொட்டி சுட்டு, சம்பல் இடித்து, எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் கட்டிக்கொண்டாள். அப்பா கொழும்பில் தைத்த சாம்பல் நிற சூட்டைப் போட்டிருந்தார். நேர்முகத்துக்குப் போகவேண்டியவள் பள்ளிக்கூடச் சீருடையில் காரின் பின்சீட்டில், எனக்குப் பக்கத்தில் இருந்தாள்.

எழுபதுகளின் பின்பாதி அது. அக்காவுக்குப் பதினாறு வயது, எனக்கு ஒன்பது. கோடை விடுமுறையில் பள்ளி மாணவிகளை இரண்டு கிழமை தங்கவைத்துப் பொறியியல் காட்டப்போவதாகப் பல்கலைக்கழகம் அறிவித்திருந்தது. பெண்பிள்ளைகள் அந்தப் படிப்புப் பக்கம் எட்டியும் பார்ப்பதில்லை என்ற கவலை அவர்களுக்கு. அக்காவின் கணித ஆசிரியை அவளைக் கூப்பிட்டு விண்ணப்பிக்கச் சொன்னாள். இடங்கள் குறைவு என்பதால் நேரில் பார்த்துத்தான் தெரிவுசெய்வார்கள்.

வீட்டில் முதலில் எழுந்த கேள்வி அம்மாவுடையது.

"இரண்டு கிழமையும் அங்கேயே படுக்கிறதோ?"

"படுக்கட்டும், அதுக்கென்ன?" என்றார் அப்பா. "எஞ்சினியரின்ர பிள்ளை எஞ்சினியரிங் பாக்கப் போறாள்."

அப்பா இலங்கையில் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் பொறியியலாளராக இருந்தவர். இங்கே ஒரு கார்த் தொழிற்சாலையின் களஞ்சியத்தில் உதிரிப்பாகங்களை எடுத்துக் கொடுக்கும் வேலை. அதைப் பற்றி அவர் வீட்டில் பேசமாட்டார். அக்காவுக்கு நேர்முகம் என்றதும் அவருக்குப் புது உற்சாகம் வந்தது. வேலையால் வந்து முகம் கழுவியதும் அவளைக் குசினிக் கதிரையில் இருத்திப் பயிற்சி கொடுத்தார். தானே பேராசிரியராகிக் கேள்வி கேட்பார். அக்கா வாய் திறப்பதற்குள் பதிலையும் தானே சொல்லிவிடுவார். இந்த முறையில் அக்கா எல்லாக் கேள்விகளுக்கும் மிகச் சரியாகப் பதில் சொல்லிவருகிறாள் என்று அவர் நம்பினார்.

பல்கலைக்கழக நடைபாதையில் வேறு இரண்டு மூன்று பிள்ளைகள் காத்திருந்தார்கள். எல்லோரும் தனியாக வந்திருந்தார்கள். ஒருத்தி சைக்கிளில் வந்திருக்க வேண்டும், காற்சட்டையின் அடியில் கிளிப் மாட்டியிருந்தாள். நாங்கள் நாலு பேரும் உட்கார்ந்து ஒரு நீள வாங்கு முழுவதையும் பிடித்துக்கொண்டோம். கதவைத் திறந்து வந்த பேராசிரியர் அரைக்காற்சட்டையும் முழங்கால்வரை இழுத்துவிட்ட வெள்ளைக் காலுறையும் போட்டிருந்தார். அப்பா எழுந்து கோட்டின் பொத்தானைப் பூட்டினார். பேராசிரியர் எங்களையெல்லாம் பார்த்துவிட்டு, விரும்பினால் குடும்பத்தாரும் உள்ளே வரலாம் என்றார். அப்படிச் சொன்னால் வேண்டாம் என்பார்கள் என்று எதிர்பார்த்திருப்பார். நாங்கள் சாப்பாட்டுப் பெட்டியோடு உள்ளே போனோம்.

"ஒரு பொறியியலாளர் என்ன செய்கிறார் என்று நினைக்கிறாய்?" என்று அவர் அக்காவைக் கேட்டார்.

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். அதற்குள் அப்பா பேசத் தொடங்கிவிட்டார். நல்ல ஆங்கிலம், திருத்தமான ஆங்கிலம். வன்னியில் தாம் பொறுப்பாக இருந்த பெரிய குளம், ஒரு மாரியில் அது நிரம்பித் தளம்பியது, மேலதிக நீரைத் திறந்துவிடும் வான்கதவுகளில் ஒன்று அந்த நேரம் பார்த்து இறுகிக்கொண்டது என்று சொல்லிக்கொண்டே போனவர், சுவரில் கரும்பலகையைக் கண்டதும் எழுந்து சோக்கட்டியை எடுத்துவிட்டார். அணைக்கட்டு வந்தது. கதவுகள் வந்தன. தண்ணீரைக் காட்ட அம்புக்குறிகள் வந்தன. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அக்கா தன் கைவிரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பேராசிரியர் பொறுமையாகத்தான் கேட்டார். பிறகு மணிக்கூட்டைப் பார்த்தார்.

"மிகவும் நன்றி. இனி உங்கள் மகள் சொல்வதையும் கேட்கலாமா?"

அப்பா பாதி வசனத்தில் நின்றார். தாம் எங்கே நிற்கிறோம் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்ததுபோல அறையைச் சுற்றிப் பார்த்தார். "சொறி, வெரி சொறி" என்றார். சோக்கட்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். அக்கா பேராசிரியரைப் பார்த்தாள், பிறகு அப்பாவைப் பார்த்தாள். ஆங்கிலத்தில், ஆனால் "அப்பா" என்று தொடங்கித்தான் கேட்டாள்.

"அப்பா, கதவு இறுகினது எதனால்? கதவின் பாரமா, தண்ணீர் தள்ளிய அழுத்தமா?"

அப்பா சோக்கட்டியை மீண்டும் விரல்களில் பிடித்தார். பிறகு பலகைப் பக்கம் திரும்பினார். அழுத்தம்தான் என்றார், ஒரு மரக்கட்டையும் வந்து சிக்கியிருந்தது என்றார். அப்படியானால் எப்படித் தூக்கினீர்கள் என்று அக்கா கேட்டாள். பக்கத்துக் கதவுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து நீர்மட்டத்தை இறக்கிய பிறகு தூக்கினோம் என்றார். ஏன் அவற்றை ஒரேயடியாகத் திறக்கவில்லை என்று கேட்டாள். கீழே வயல்களும் வீடுகளும் இருந்தன என்று சொல்லி அவற்றையும் வரைந்தார். இப்போது பேராசிரியரும் கதிரையை முன்னுக்கு இழுத்துக்கொண்டு, ஒன்றிரண்டு கேள்வி கேட்டார். அடுத்த பிள்ளை கதவைத் தட்டும்வரை இது நடந்தது. போகும்போது பேராசிரியர் அப்பாவுக்குக் கைகொடுத்தார்.

காரில் அப்பா நல்ல சந்தோசத்தில் இருந்தார்.

"விசயம் தெரிஞ்ச மனுசன். எப்பிடி விளக்கமாக் கேட்டவர் பாத்தனியே?" என்று அம்மாவிடம் சொன்னார்.

அம்மா பெட்டியைத் திறந்து எல்லோருக்கும் ரொட்டி கொடுத்தாள். அக்கா வெளியே பார்த்தபடி சாப்பிட்டாள்.

சில கிழமைகளில் பதில் வந்தது. இந்த முறை இடம் இல்லை, அடுத்த வருடம் மீண்டும் முயலலாம் என்றிருந்தது. வேலை உடுப்போடு நின்றபடியே அப்பா அதை வாசித்தார். அவருக்கு அது நியாயமாகவே பட்டது.

"நீ ஒண்டும் சொல்லேல்லையே பிள்ளை. கேள்விதானே கேட்டுக்கொண்டிருந்தனீ. இன்னும் கொஞ்சம் ஆயத்தப்படுத்தியிருக்க வேணும்."

அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அக்கா அவளைப் பார்த்து, வேண்டாம் என்று மெல்லத் தலையசைத்தாள்.

"ஓம் அப்பா" என்றாள்.

நானும் அப்பாவின் பக்கம்தான். அணைக்கதவு எப்படித் திறக்கும் என்றுகூட அக்காவுக்குத் தெரியவில்லை, அதனால்தான் அவளை எடுக்கவில்லை என்று பள்ளிக்கூடத்தில் சிநேகிதிகளுக்கு விளக்கினேன். அடுத்த வருடம் அக்கா திரும்பவும் விண்ணப்பித்தாள். நேர்முக நாளை வீட்டில் ஒருவருக்கும் சொல்லாமல், பள்ளி விட்டதும் பஸ்ஸில் தனியாகப் போய்வந்தாள். இடம் கிடைத்தது. ஒரு வருடத்தில் நன்றாக முன்னேறிவிட்டாள் என்று அப்பா சொன்னார்.

அக்கா பிறந்து வளர்ந்தது அந்தக் குளத்தடியில் அப்பாவுக்கு அரசாங்கம் கொடுத்திருந்த விடுதி வீட்டில். நான் கைக்குழந்தையாக இருந்த காலத்தில் அவள் அப்பாவோடு அணைக்கட்டு நெடுக நடந்திருக்கிறாள். கதவு இறுகிய அந்த மாரியில், மழைக்கோட்டுக்குள் நின்று, அது தூக்கப்படுவதைப் பார்த்துமிருக்கிறாள். தான் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் அவளுக்குப் பதில் தெரியும். இதெல்லாம் பல வருடங்களுக்குப் பின்னர் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியவந்தது. அப்பா இந்த நாட்டுக்கு வந்த நாள் முதல் பொறியியலாளர் வேலைகளுக்கு எழுதிப்போட்டுக்கொண்டிருந்தார் என்பதையும், ஒரு இடத்திலிருந்துகூட அவரை நேர்முகத்துக்குக் கூப்பிடவில்லை என்பதையும் அப்போதுதான் அம்மா சொன்னாள்.